நல்ல கேஸ்

கட்டப்பனை
12.1.2024

தம்பி வேல்பாண்டிக்கு அக்காள் கருத்தம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் மகன், மருமகள், பேரப்பிள்ளையும் சௌக்கியம். நீயும் உமாதேவியும் சௌக்கியமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அதற்கு முன்னால் வேறொன்று கேட்க வேண்டியிருக்கிறது.

உன் மேல் என்ன கேஸ்?

நேற்று ஏலக்காய் பறிக்க ஜீப்பில் வந்த அக்கம்மாள், உங்கள் தெருக்காரிதான், தோட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் மதினி, ஒங்க தம்பி தேனியில பெரிய கேஸாமே. படிச்ச ஆளுக எல்லாம் சுத்தி நின்னு விசாரிக்கிறாகளாமே" என்றாள். எனக்குக் காது மந்தம் என்று கத்தித்தான் சொன்னாள். அதனால் பறிப்புக்கு வந்த அத்தனை பொம்பிளைகளுக்கும் கேட்டது.

முப்பது வருஷம் உத்தமபாளையம் கோர்ட்டில் ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து ஊரான் கேஸையெல்லாம் கூப்பிட்டவன் நீ. ஓய்வு பெற்ற பிறகு நீயே கூண்டில் ஏறியிருக்கிறாய் என்றால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. லஞ்ச வழக்காக இருக்காது. லஞ்சம் கொடுக்க வேண்டுமென்றால் ஒருவன் உன் பக்கத்தில் வந்து சிரித்துப் பேச வேண்டும், அதற்கு ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. மானநஷ்ட வழக்காகத்தான் இருக்கும் என்று உன் மாமா சொல்கிறார். உன் வாய்க்கு அதுதான் பொருத்தம்.

போனில் கூப்பிடாதே. மருமகள் வாங்கிக் கேட்டு, அதை என் காதில் கத்தி, தெருவுக்கே அறிவித்துவிடுவாள். கடிதமாக எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்காள்
கருத்தம்மாள்


உத்தமபாளையம்
22.1.2024

அக்காளுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று எழுது. உமாதேவி நலம்.

அக்கம்மாளுக்குத் தலைக்குள் இருப்பது ஏலக்காய்ச் சண்டு, வெறும் பதர். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கும் கேஸ் என்றுதான் பேர். சொல்லாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். இனி முடியாது.

கார்த்திகை மாதத்திலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை. ஒன்றரை இட்லியில் வயிறு நிறைந்துவிடும். இடது விலாவுக்குக் கீழே கனமாக ஏதோ உட்கார்ந்துகொண்டு, வேட்டியை இறுக்கிக் கட்ட விடவில்லை. உமாதேவியின் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு யாரோ சோத்துல மருந்து வச்சுட்டாக" என்றான். எனக்கு மருந்து வைத்து வசியம் பண்ண எவளுக்கு ஆசை வரும் என்று அந்த மடையன் யோசிக்கவில்லை. வீரபாண்டியில் தொக்கம் எடுக்கிறவளிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் வயிற்றில் எண்ணெய் தடவி நீவி, ஊதி, உறிஞ்சி, கடைசியில் ஒரு கோழி எலும்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். நான் கறி தின்பதை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. அதைச் சொன்னதற்கு, பழசு என்றாள்.

அதன் பிறகுதான் தேனி. அங்கே மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் கையை வைத்த உடனே, மண்ணீரல் என்றார். விலாவுக்குள் ஒளிந்திருக்க வேண்டியது எனக்குத் தொப்புள் வரை இறங்கி வந்திருக்கிறது. ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தத்தில் புற்று. வெள்ளை அணுக்கள் அளவில்லாமல் பெருகுகிற வகை. பதறாதே, இது மெதுவாகப் போகிற வகை, தினம் ஒரு மாத்திரை ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும். "மாத்திரைக்குக் கேட்டுச்சுன்னா நீங்க எல்லாரையும் மாதிரி இருக்கலாம். முதல்ல நெஞ்செலும்பை அமுக்கினா வர்ற வலி போகும். அப்புறம் மண்ணீரல் சுருங்கும்" என்றார். மாத்திரை ஆரம்பித்திருக்கிறது.

அக்கம்மாள் சொன்ன விசாரணை இதுதான். பொங்கலுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு வைத்தார்கள். என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, என்ன நோய் என்று வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருத்தனாக வந்து தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். வலது அடிவயிற்றில் தொடங்கிக் குறுக்கே மேலேறி வர வேண்டுமாம், எனக்கே தெரிந்துவிட்டது. அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி கையை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஜஸ்டின் என்று போடிப் பையன் ஒருவன், இடது பக்கம் கையை வைத்துக்கொண்டு கல்லீரல் என்றான். கல்லீரல் எந்தப் பக்கம் என்று கோழிக்கறிக் கடைக்காரனைக் கேட்டால் சொல்லுவான். இவனிடம் நாளைக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிற ஜனங்களை நினைத்தால் எனக்கு என் நோய் பெரிதாகத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பெரிய டாக்டர் அத்தனை பேரையும் என்னைச் சுற்றி நிற்க வைத்து, "இது நல்ல கேஸ். இப்படி ஒரு மண்ணீரல் அபூர்வமாத்தான் கிடைக்கும்" என்றார். என்னைப் பற்றி யாரும் நல்ல என்று சொல்லிக் கேட்டதில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

தம்பி
வேல்பாண்டி


கட்டப்பனை
4.2.2024

தம்பிக்கு அக்காள் எழுதுவது. என் முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. மாமாவுக்குச் சர்க்கரை கூடுதல்தான். அதையெல்லாம் விடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மருமகள் வந்து, "என்ன அத்தை, புகையா" என்று கத்தினாள். ஆமாம் என்றேன். கேஸ் அடுப்பில் ஏது புகை என்று அவளும் யோசிக்கவில்லை, நீ சொல்கிற மாதிரி உலகத்தில் மடையர்களுக்குக் குறைவில்லை.

ஆனால் முதல் இடம் உனக்குத்தான். புற்று வந்ததை அக்காளுக்குச் சொல்லாமல் மறைத்தவன், கோழி எலும்பு வந்ததை ரசித்து எழுதுகிறாய். கையை வைக்கிற பிள்ளைகளை ஏன் கரித்துக் கொட்டுகிறாய்? தெரியாமல்தானே படிக்க வந்திருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போன முதல் நாள் நீ வாதி யார் பிரதிவாதி யார் என்று தெரியாமல் ஆளை மாற்றிக் கூப்பிட்டாய், வக்கீல்கள் சிரித்தார்கள், வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்தாய். எனக்கு நினைவிருக்கிறது.

அந்த மாத்திரையை உமாதேவி கண்ணுக்கு முன்னால் விழுங்கு. நெஞ்செலும்பு வலி போனதா இல்லையா, அதை மட்டும் எழுது. தமாஷெல்லாம் அப்புறம்.

அக்காள்
கருத்தம்மாள்


உத்தமபாளையம்
24.3.2024

அக்காளுக்கு வணக்கம். நெஞ்செலும்பு வலி போய்விட்டது, அமுக்கினால் வெறும் எலும்பாகத்தான் இருக்கிறது. மண்ணீரல் சுருங்கிவிட்டது. நாலு இட்லி சாப்பிடுகிறேன். காலையில் எழுந்தால் கண் இரண்டும் வீங்கியிருக்கிறது, அது மாத்திரையின் குணமாம். உனக்கு வேண்டியது இவ்வளவுதானே.

இந்த மாதம் பெரிய தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து பரீட்சை வைக்க இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். நான் சவரம் செய்துகொண்டு வெள்ளை வேட்டியோடு போயிருந்தேன். ஜஸ்டின் என் கட்டிலுக்கு வந்தான். ஜனவரியில் பார்த்த முகம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். வயிற்றில் பேருக்கு ஒரு தடவு தடவிவிட்டு, "மண்ணீரல் தொப்புள் வரை வீங்கியிருக்கு சார்" என்று ஒப்பித்தான். வெளியூர்க்காரர் கையை வைத்துப் பார்த்து, "எங்கப்பா இருக்கு, எனக்கும் காட்டு" என்றார். என்னை வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னால்தான் விலாவுக்கு அடியில் அதன் விளிம்பு விரல் நுனியில் வந்து இடித்துவிட்டுப் போகும். நோயாளியின் உடம்பு மாறியிருக்கும் என்று கூடத் தோன்றாத பிறவி. தேறவில்லை.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். "மாத்திரை உங்களுக்கு அருமையா கேட்டிருக்கு. எனக்கு ரொம்ப சந்தோஷம். இனிமே தேர்வுக்கு நீங்க அலைய வேண்டாம் ஐயா. கைக்கு அகப்படாத மண்ணீரலை வச்சா பிள்ளைங்க திணறிடுவாங்க" என்றார். கோர்ட்டில் இதற்குத் தள்ளுபடி என்று பேர்.

எனக்குப் பதிலாக ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள். கெங்குவார்பட்டி சின்னக்கருப்பு. அதே நோய், வயிறு என்னுடையதை விடப் பெரிது. வாய் நிறைய வெற்றிலை. யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் பரிதாபமாகப் பார்த்தால், "மண்ணீரல்தான் கண்ணு, எழுதிக்க" என்று காதில் சொல்லிவிடுகிறான். அவனை நல்ல கேஸ் என்கிறார்கள். ஒரு கேஸுக்கு உண்டான ஒழுங்கு வேண்டாமா?

தம்பி
வேல்பாண்டி


கட்டப்பனை
20.4.2024

தம்பிக்கு அக்காள் எழுதுவது. இங்கே கோடை மழை நன்றாகப் பெய்கிறது. அங்கே வெயில் எப்படி, தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா?

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். மண்ணீரல் சுருங்கியது என்ற இடத்தில் அவர் எழுந்து போய்ச் சாமி படத்துக்கு விளக்கேற்றினார். மீதியை விளக்கேற்றிய பிறகு படித்திருக்கலாம் என்று தோன்றியது. ஏனென்றால் மீதி முழுவதும், வயிறு வற்றிப்போனதற்கு நீ வருத்தப்படுகிற கதை. சீக்கு குறைந்ததற்குத் துக்கம் கொண்டாடுகிற ஒருத்தனை நான் இந்த வயதில்தான் பார்க்கிறேன். அந்தச் சின்னக்கருப்பு உன்னிடம் என்ன பறித்துவிட்டான்? தன் வயிற்றை உனக்குக் கொடுத்துவிட்டு உன் வயிற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் அவன் ஓடி வருவான்.

வீரபாண்டி கௌமாரிக்கு உன் பேரில் அக்கினிச்சட்டி நேர்ந்திருக்கிறேன். என் முழங்காலுக்கு முடியாது, உமாதேவியை எடுக்கச் சொல். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அக்காள்
கருத்தம்மாள்


உத்தமபாளையம்
2.6.2024

அக்காளுக்கு வணக்கம். நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

உமாதேவி சட்டி எடுத்தாள். கூட்டத்தில் என் செருப்பு போய்விட்டது. பார்க்கிறவனெல்லாம், "என்ன கிளார்க்கு சார், ஆளே தெளிஞ்சுட்டீக" என்கிறான். தெளிந்தவனிடம் அதற்கு மேல் பேச யாருக்கும் விஷயம் இல்லை. சீக்காக இருந்தபோது வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லாமல் வந்து குவிந்தார்கள், ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். இப்போது பால்காரனைத் தவிர ஒருவரும் வருவதில்லை. வந்தவர்கள் எப்படிப்பட்ட மூடர்கள் என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நானும் காத்திருக்கவில்லை.

மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாய். உமாதேவி தினம் காலையில் மாத்திரையும் தம்ளருமாக வந்து நிற்கிறாள்.

தம்பி
வேல்பாண்டி


கட்டப்பனை
9.7.2024

தம்பிக்கு அக்காள் எழுதுவது. அனைவரும் நலம். உமாதேவி தம்ளரோடு நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் நிற்பது சரி. நீ விழுங்குகிறாயா என்று கேட்டேன். ஒரு வரி எழுதிப் போடு.

அக்காள்
கருத்தம்மாள்


உத்தமபாளையம்
25.8.2024

அக்காளுக்கு வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை இருந்தது. உன் முழங்காலுக்கு ஒரு தைலம் விற்கிறார்கள், உமாதேவி வாங்கி வைத்திருக்கிறாள், ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன்.

என்னை மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்கள். மார்ச்சில் தோற்றவர்களுக்கு மறுதேர்வு. கட்டிலில் படுத்து மேல்துண்டை விலக்கியதும் வெளியூர் டாக்டர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்ணீரல் தொப்புளைத் தாண்டி இரண்டு விரல். விளிம்பில் அரிவாள் பட்டது போல ஒரு வெட்டு இருக்கும், அது யார் தொட்டாலும் தட்டுப்படுகிறது. விலாவுக்கும் அதற்கும் நடுவே விரல் நுழைய இடம் இல்லை. தட்டிப் பார்த்தால் இடது பக்கம் முழுக்கப் பலகை போலச் சத்தம். இரண்டு பேரில் பெரியவர், "புத்தகத்துல இருக்கிற படமே வந்து படுத்திருக்கு" என்றார்.

ஜஸ்டினும் வந்தான். தோற்றவர்களில் அவன் இல்லாமலா? இந்தத் தடவை கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் வெளுத்திருக்கிறது என்று சொன்னான். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினான். நெஞ்செலும்பில் கட்டை விரலை வைத்து அமுக்கினான், நான் துள்ளிவிட்டேன். என் வலியைப் பார்த்து அந்தப் பயல் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. மண்ணீரல் குருடன் தொட்டாலும் தெரிகிற அளவில் இருந்ததால் அதையும் பிடித்துவிட்டான். தேறிவிட்டான். போடியில் அவன் டாக்டர் போர்டு மாட்டினால் அது என் தயவு. என் தயவால் எத்தனை பேர் சாகப் போகிறார்களோ தெரியாது.

நான்தான் முக்கியமான கேஸ். சின்னக்கருப்பை அடுத்த கட்டிலுக்குத் தள்ளிவிட்டார்கள். அவனுக்கு உடம்பு வற்றி வயிறு மட்டும் மிச்சம் இருக்கிறது, இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். எனக்குக் கண் வீக்கம் வடிந்து முகம் பழையபடி ஆகிவிட்டது. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி
வேல்பாண்டி


கட்டப்பனை
31.8.2024

வேல்பாண்டிக்கு.

தைலம் வேண்டாம்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் நீ எழுதினதை நீயே மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. நெஞ்செலும்பு வலி போய்விட்டது என்று மார்ச்சில் எழுதினாய், இப்போது துள்ளுகிறாய். விலாவுக்கு அடியில் ஒளிந்தது என்றாய், இப்போது தொப்புளைத் தாண்டிவிட்டது. கண் வீக்கம் மாத்திரையின் குணம் என்றவனும் நீதான். வீக்கம் வடிந்துவிட்டதாம்.

நீ மாத்திரையை நிறுத்திவிட்டாய்.

டாக்டரிடம் என்ன சொல்லியிருப்பாய் என்றும் எனக்குத் தெரியும். தவறாமல் சாப்பிடுகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாய். உமாதேவி கொடுத்த மாத்திரையைக் கொல்லைப்பக்கம் போய்த் துப்பியிருப்பாய். அவள் உனக்காக நெருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள், நீ செருப்பு போன கதை எழுதினாய்.

நாலு பிள்ளைகள் சுற்றி நின்று உன் தொந்தியைத் தடவி நல்ல கேஸ் என்று சொல்ல வேண்டும். அதற்காக உயிரை விடுகிறவனை என்னவென்று சொல்வது என்று எனக்கு வார்த்தை அகப்படவில்லை. நீ ஊரில் எல்லாரையும் மடையன், மூடன் என்று எழுதுவாய். அவர்களில் ஒருத்தன் இப்படிச் செய்வானா? ஜஸ்டின் செய்வானா? அந்தக் கோழி எலும்புக்காரி செய்வாளா?

மருந்து உனக்குக் கேட்டது. காது கேட்காத எனக்கே அது தெரிகிறது. நீதான் கேட்கவில்லை.

உன்னைப் பார்க்க மலை இறங்கி வர மாட்டேன். வந்தால் என்னையும் சுற்றி நிற்கிற கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு சந்தோஷப்படுவாய். மாத்திரையைச் சாப்பிடு. எனக்கு இருக்கிறது ஒரு தம்பிதான்.

கருத்தம்மாள்


உத்தமபாளையம்
20.11.2024

அக்காளுக்கு வணக்கம். நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நீ எழுதியது எல்லாம் சரி. கொல்லைப்பக்கம் என்பது மட்டும் தப்பு, தெருச் சாக்கடை. உன் கடிதம் வந்த அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். பதில் எழுதத்தான் கை வரவில்லை.

காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோர்ட்டில் அத்தனை வருஷம் நான் பேர் கூப்பிட்டேன், வந்தவன் ஜட்ஜைப் பார்த்தான், ஜட்ஜ் கேஸ் கட்டைப் பார்த்தார். நடுவில் இருந்த என்னை ஒருத்தன் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தக் கட்டிலில் நான் மூச்சை இழுத்தால் பத்துப் பேர் அவர்கள் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். அதை விட மனம் வரவில்லை. படிக்க உனக்கு அருவருப்பாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

உனக்கு எழுதாத ஒன்று உண்டு. மறுதேர்வு அன்று மதியம், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, பக்கத்துக் கட்டிலிலிருந்து சின்னக்கருப்பு கேட்டான்.

"என்னண்ணே, திரும்ப இங்கனயே வந்துட்டீக. மாத்திரை கேக்கலையா?"

"கேக்கலை" என்றேன்.

"எனக்கும் கேக்கலைண்ணே. இப்ப வேற புதுசு குடுத்துருக்காக. ஒங்களுக்கும் அதையே குடுப்பாக, பயப்படாதீக. ரெண்டு பேரும் ஒண்ணா சாப்புடுவோம்" என்றான். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து என் தட்டில் வைத்தான். நான் தின்றேன்.

மாத்திரை மறுபடி கேட்கிறது. மண்ணீரல் சுருங்கி மேலேறிக்கொண்டிருக்கிறது. பெரிய டாக்டருக்கு ஆச்சரியம், நடுவில் ஏன் கேட்காமல் போனது என்று ரத்தத்தை எங்கெங்கோ அனுப்பிச் சோதித்துக்கொண்டிருக்கிறார். அவரிடமும் சொல்லவில்லை.

சின்னக்கருப்புக்குப் புது மாத்திரையும் கேட்கவில்லை. தீபாவளி முடிந்ததும் இறந்துவிட்டான். கருமாதிக்குக் கெங்குவார்பட்டி போனேன். அவன் பெண்டாட்டி சுருளியம்மாள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய், மிச்சம் இருந்த புது மாத்திரை அட்டையை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தாள்.

"வேல்பாண்டி அண்ணனுக்கும் பழசு கேக்கலை, மீதியை அவுககிட்ட குடுத்துருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. ஒங்களுக்காச்சும் கேக்கட்டும்ண்ணே" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பை அலமாரியில் இருக்கிறது. உமாதேவி அது என்ன என்று கேட்டாள், கோயில் பிரசாதம் என்றேன்.

தம்பி
வேல்பாண்டி


கட்டப்பனை
27.11.2024

வேல்பாண்டிக்கு அக்காள் எழுதுவது.

நீ மாத்திரை சாப்பிடுவதில் சந்தோஷம். அதற்கு மேல் உன்னிடம் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

செத்தவன் வீட்டில் கை நீட்டி வாங்கியிருக்கிறாய். அந்த அட்டையைப் பெரிய டாக்டர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொல். வேறு யாருக்காவது ஆகும். இல்லாத காரணத்தைத் தேடி அவர் உன் ரத்தத்தை ஊர் ஊராக அனுப்ப வேண்டாம். பிறகு கெங்குவார்பட்டிக்குப் போய் அந்தப் பெண்ணிடமும் சொல். அவள் காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு வா.

சொன்ன பிறகு எழுது. அதுவரை எனக்கு உன் நலம் தெரிய வேண்டாம், உமாதேவியின் நலத்தை அக்கம்மாளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கருத்தம்மாள்


உத்தமபாளையம்
9.12.2024

அக்காளுக்கு வணக்கம். நெஞ்செலும்பு வலி இல்லை. மண்ணீரல் விலாவுக்குக் கீழே மூன்று விரல். கண் வீங்கியிருக்கிறது. உமாதேவியிடம் எல்லாம் சொன்னேன். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள், காட்டுகிறேன்.

பெரிய டாக்டர் அட்டையை வாங்கி மேஜைக்குள் வைத்தார். திட்டவில்லை. அடுத்த கேஸை வரச் சொன்னார்.

நேற்று கெங்குவார்பட்டி போனேன். சுருளியம்மாள் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, மாத்திரை கேக்குதா" என்றாள். நின்றபடியே சொன்னேன். பழைய மாத்திரையே எனக்குக் கேட்டது, நான்தான் சாக்கடையில் போட்டேன், தேர்வுக்குக் கூப்பிட வேண்டும் என்று போட்டேன், உன் புருஷனிடம் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. காதில் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

முறத்தில் கிடந்த கடைசி மொச்சையை உரித்துவிட்டுக் கேட்டாள்.

"இது அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"அப்பச் சரி" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். பஸ் வருகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன், அவள் வெளியே வரவில்லை.

உன் தம்பி
வேல்பாண்டி